ஒரே நாள்... நாலு வானம்!

'மச்சி, லாங் ரைடு போலாமா?'

ஹாஸ்டல் வராண்டாவில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி எழும். பத்து பேர் தலையாட்டுவாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி அது எட்டு பேராகும். சனிக்கிழமை விடியக்காலையில் 'வயித்து வலிடா', 'ஊர்ல இருந்து மாமா வந்துட்டாரு', 'திங்கக்கிழமை இன்டர்னல்' என்று ஒவ்வொருத்தரா கழன்றுக்குவாங்க. கடைசியில் மிச்சம் இருப்பது ரெண்டே பேர். நீங்களும் உங்க பைக்கும்.

சரி, அந்த ரெண்டு பேரே போனா என்ன?

போகலாம். ஆனா, தனியா போகிற பயணத்துக்குன்னு தனிக் கணக்கு இருக்கு. கும்பலா போனா வழி பார்க்க ஒருத்தன், டீக்கடை கண்டுபிடிக்க ஒருத்தன், 'போதும்டா திரும்பலாம்'னு சொல்ல ஒருத்தன் இருப்பான். தனியா போனா அந்த மூணு பேரும் நீங்கதான். முதல் ரெண்டு வேலையும் ஈஸி. மூணாவது வேலைதான் கஷ்டம். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

வெறும் அட்வைஸா சொன்னா பக்கத்தைத் திருப்பிடுவீங்க. அதனால ஒரு ரூட்டையே கையில் தர்றோம். தூத்துக்குடியில் கிளம்பி திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், திருவனந்தபுரம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, மறுபடி திருநெல்வேலி, கடைசியில் தூத்துக்குடி. மேப்பில் கோடு போட்டுப் பார்த்தா ஒரு கோணல் வட்டம். சுமார் 430 கிலோமீட்டர். ரெண்டு மாநிலம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரே நாளில் ரெண்டு தடவை தாண்டுறீங்க. ஜூன் கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரைக்கும் போனா, இந்த ஒரு வட்டத்துக்குள்ள நாலு விதமான வானம் உங்க தலைக்கு மேல மாறும்.

அது எப்படி நாலு?

எட்டாம் கிளாஸ் புவியியல் புத்தகத்தை லேசா தூசி தட்டுங்க. தென்மேற்குப் பருவமழை வழக்கமா ஜூன் 1 வாக்கில் கேரளாவைத் தொடும். அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வர்ற காற்று மலையில் மோதி மேலே ஏறும். மேலே ஏறினா குளிரும். குளிர்ந்தா மழை. ஆக, கேரளா பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குறப்போ காற்றில் ஈரம் தீர்ந்திருக்கும். அதனாலதான் ஜூலை மாசம் புனலூர் நனையுறப்போ தூத்துக்குடி காயுது. தூத்துக்குடிக்கு மழை வேணும்னா அக்டோபர் வரைக்கும் காத்திருக்கணும்.

ஆனா, அந்த மலைச் சுவரில் ரெண்டு ஓட்டை இருக்கு. ஒன்று செங்கோட்டை பக்கம், இன்னொன்று ஆரல்வாய்மொழி பக்கம். செங்கோட்டை ஓட்டை வழியா கொஞ்சம் மேகம் கசியும். அந்தக் கசிவுக்குத்தான் நம்ம ஊர்ல 'சாரல்'னு பேர். அதுதான் குற்றால சீஸன். ஆரல்வாய்மொழி ஓட்டை வழியா மழை வராது, காற்று வரும். அகலமான பைப்பை விரலால அழுத்தினா தண்ணி பீய்ச்சி அடிக்குமே, அதே கதை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கிறது சும்மா அழகுக்கு இல்லை.

நீங்க ஒரு ஓட்டையில் நுழைஞ்சு இன்னொரு ஓட்டையில் வெளியே வரப் போறீங்க. அவ்வளவுதான் ரூட்!

வீட்டுல சொன்னீங்களா?

கிக்கரை உதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வீட்டுக்குத் தெரியுமா?

'புராஜெக்ட் வேலை'ன்னு சொல்லிட்டுக் குற்றாலம் போற வழக்கம் நம்ம காலேஜ்களில் புதுசு இல்லை. கும்பலா போறவங்களுக்கு அது சின்னப் பொய். தனியா போறவங்களுக்கு அது பெரிய ஆபத்து. ஆரியங்காவு வளைவில் பைக் சரிஞ்சா, வீட்டில் இருக்கிறவங்க உங்களை காலேஜ் லேப்பில் தேடிக்கிட்டு இருப்பாங்க. எந்த ரோட்டில் தேடணும்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

பயமுறுத்த இல்லை, கணக்கு தெரிஞ்சிருக்கணும். மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்ம தமிழ்நாடு. உங்க அம்மா வாசலில் நின்னு 'பார்த்துப் போப்பா', 'பார்த்துப் போம்மா'ன்னு சொல்றதுக்குப் பின்னாடி இந்த எண்கள் எல்லாம் இருக்கு. அவங்களுக்கு எண் தெரியாம இருக்கலாம். பயம் தெரியும்.

அதனால ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்க. எந்த ரூட், எந்த ஊரில் எத்தனை மணிக்கு, இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துடுங்க. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு மெசேஜ். லொகேஷனையும் ஷேர் பண்ணி வைங்க. மலைக்குள்ள சிக்னல் போகும்ங்கிறதையும் முன்னாடியே சொல்லிடுங்க. இல்லாட்டி அந்த ஒரு மணி நேரம் அவங்களுக்கு ஒரு யுகம்.

பொண்ணுங்களும் போகலாமா? அதில் என்ன கேள்வி? லண்டனைச் சேர்ந்த எல்ஸ்பெத் பியர்ட் என்ற கட்டடக்கலை மாணவி 1982-ல் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ பைக்கில் தனியாக உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். வழியில் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். எழுந்து மறுபடி கிளம்பினார். 1984-ல் வீடு திரும்பினார். அவர் கையில் ஜி.பி.எஸ். இல்லை, செல்போன் இல்லை. அவருக்கு முன்னாடி நம்ம 430 கிலோமீட்டர் ஒரு மார்னிங் வாக்!

காலை 5.30: காய்ந்த வானம்

தூத்துக்குடியில் கிளம்புறப்போ வெளிச்சம் லேசா வந்திருக்கும். உப்புக் காற்று. இருட்டில் கிளம்பி 'ஒரு மணி நேரம் மிச்சம்'னு கணக்குப் போடாதீங்க. அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான் சாயங்காலம் உங்களைக் காப்பாத்தும்.

திருநெல்வேலி வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர். நேர் ரோடு. பனை மரம், உடை மரம், வல்லநாட்டு மலை. அந்த மலையில் வெளிமான் சரணாலயம் இருக்கு. அப்புறம் தாமிரபரணிப் பாலம். ரோடு நல்லா இருக்கேன்னு முறுக்கத் தோணும். வேண்டாம். மேற்கே போறீங்க, தென்மேற்குப் பருவக் காற்று கிட்டத்தட்ட உங்க முகத்துக்கு நேரா வருது. வேகத்தைக் கூட்டக் கூட்ட காற்று நெஞ்சில் கை வெச்சுத் தள்ளும். பெட்ரோலும் குடிக்கும், உங்க தோள்பட்டையையும் தின்னும்.

சூரியன் உங்க முதுகுப் பக்கம். உங்களுக்கு ரோடு பளிச்சுன்னு தெரியும். எதிரே வர்ற லாரி டிரைவருக்குக் கண் கூசும். அவருக்கு நீங்க தெரியாம போகலாம். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பைக்குகளில் ஹெட்லைட் தானாவே எரியும். அண்ணன்கிட்ட இருந்து வந்த பழைய வண்டின்னா நீங்களே போட்டுக்கோங்க.

ஆறரைக்கு நெல்லை. முதல் டீ. கடைக்காரர் ஹெல்மெட்டையும் பையையும் மேலும் கீழும் பார்த்துட்டு நிச்சயமா கேட்பார்: 'ஏ தம்பி, ஒத்தையிலயா வாறீய?'

இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னிக்கு இன்னும் ரெண்டு தடவை வரும்.

காலை 8.00: சாரல் வானம்

நெல்லையில் இருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியா தென்காசி. சுமார் 55 கிலோமீட்டர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாச்சு. ஆலங்குளம் தாண்டினதும் எதிரே மலை நீலமா எழும்பும். மலை மேல பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி மேகம். காற்றில் சூடு போயிருக்கும். கண்ணாடியில் பொடிப் பொடியா புள்ளி விழும்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுவாங்க. சாரல் நனைக்கிற மாதிரியே இருக்காது. 'இதுக்குப் போயா ரெயின்கோட்?'னு தோணும். பத்து நிமிஷத்தில் சட்டை ஒட்டும். இருபது நிமிஷத்தில் பனியன் வரைக்கும் ஈரம். ஈரத் துணியில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று அடிச்சா உடம்புச் சூடு கிடுகிடுன்னு இறங்கும். முதலில் விரல் மரத்துப் போகும். மரத்துப் போன விரல் பிரேக் லீவரைப் பிடிக்க ஒரு நொடி லேட்டாகும்.

அந்த ஒரு நொடி எவ்வளவு தூரம் தெரியுமா? மணிக்கு 60-ல் போனா ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். ஒரு நீளமான பஸ்ஸை விடவும் அதிகம். அதனால மழை தொடங்கின பிறகு இல்லை, மேகம் தெரிஞ்ச உடனேயே கோட்டைப் போடுங்க. மேல் சட்டை, பேன்ட் ரெண்டும் தனித்தனியா இருக்கிற கோட் வாங்குங்க. கவுன் மாதிரி தொங்குற கோட் காற்றில் பாய்மரம் ஆகும், கீழே தொங்குறது சக்கரத்தில் சிக்கும்.

இன்னொரு விஷயம். முதல் மழைத் தூறல்தான் ரொம்ப வழுக்கும். ரோட்டில் படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணீரில் கலந்து சோப்பு மாதிரி ஆகிடும். நல்லா கொட்டின மழை அதைக் கழுவிடும், தூறல் கழுவாது. வெள்ளைக் கோடு, ரயில்வே கேட் தண்டவாளம், இரும்பு மூடி இது மூணும் ஈரத்தில் எமன். அதன் மேல வண்டியைச் சாய்க்காதீங்க, பிரேக் போடாதீங்க. நேரா தாண்டுங்க.

தென்காசியில் சூடா இட்லியோ பொங்கலோ சாப்பிடுங்க. குற்றாலம் இங்கே இருந்து 5 கிலோமீட்டர்தான். அருவிச் சத்தம் காதில் விழுற மாதிரியே இருக்கும். மனசைக் கல்லாக்கிக்கோங்க. அருவியில் நின்னா இன்னிக்குக் கணக்கு குற்றாலத்தோடவே முடிஞ்சது. அதுவும் தப்பில்லை. அதுவும் நல்ல நாள்தான். பாதி வழியில் பிளானை மாத்திக்கிற சுதந்திரம் தனியா போறவனுக்கு மட்டும்தான் இருக்கு.

காலை 9.30: கொட்டுற வானம்

செங்கோட்டை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊர். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அதே நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சாயங்காலம் அந்த வழியாத்தான் திரும்பப் போறீங்க. ஆக, நீங்க இன்னிக்கு ஓட்டுறது ஒரு பழைய எல்லைக் கோட்டின் மேலேயும்தான்.

புளியரை தாண்டினதும் எஸ் வளைவு. ஏற்றம். காற்று திடீர்னு கனமாகும். வளைவைத் தாண்டி கோட்டைவாசல் போனா கேரளா. அங்கே சாரல்ங்கிற பேச்சே இல்லை, மழை! ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. காடு ரெண்டு பக்கமும் நெருங்கி வரும். பகலிலேயே இருட்டும்.

இந்த 30 கிலோமீட்டர்தான் இன்னிக்குப் பரீட்சை. சில விஷயங்களை மட்டும் மனசில் வைங்க.

வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு கியரைக் குறைங்க. வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடவே வேண்டாம். ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவா அழுத்திக் கூட்டுங்க. 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும். வழுக்குற ரோட்டை அது காயவைக்காது. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் தூரம் நாலு மடங்காகும்ங்கிற கணக்கை எந்தக் கம்பெனியாலயும் மாத்த முடியாது.

தேங்கின தண்ணியில் இறங்காதீங்க. அடியில் இருக்கிறது அரை அங்குலத் தண்ணியா, அரை அடிப் பள்ளமான்னு மேலே இருந்து தெரியாது. முன்னாடி போற காரின் டயர் தடத்திலேயே போங்க. ஆனா, தள்ளிப் போங்க. வழக்கமா விடுற இடைவெளியை ரெண்டு மடங்காக்குங்க.

ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் பனி படிஞ்சா ஒரு விரல் அளவு திறந்து விடுங்க. திறந்தும் தெரியலையா? நிறுத்துங்க. 'தெரியுற மாதிரி இருக்கு' என்பது தெரியலைங்கிறதுக்கு இன்னொரு பேர்.

இடி மின்னல்னா யோசனையே வேண்டாம். ரப்பர் டயர் காப்பாத்தும்னு சொல்றதெல்லாம் கதை. மரத்தடியும் வேண்டாம். கான்கிரீட் கட்டடம், கடை, வீடு எதுவானாலும் சரி, உள்ளே போய் நில்லுங்க. கேரளாக்காரங்க மழைக்கு ஒதுங்கினவங்களை விரட்டினதில்லை. ஒரு கட்டன்சாயா வாங்கிக் கையில் பிடிச்சுக்கோங்க. அப்போ வரும் ரெண்டாவது கேள்வி: 'ஒற்றய்க்காணோ?'

சிரிச்சுக்கிட்டே தலையாட்டுங்க. கழுதுருட்டிப் பக்கம் மழை விட்டா ரோட்டோரம் ஓரமா நிறுத்திட்டு பதிமூணு கண்ணறைப் பாலத்தைப் பாருங்க. பதிமூணு வளைவுகளோடு, கல்லால் கட்டின ரயில் பாலம். 1904-ல் இந்த மலைப்பாதையில் ரயில் ஓட ஆரம்பிச்சது. மீட்டர் கேஜ் அகலப்பாதை ஆகி 2018-ல் மறுபடி முழுசா திறந்தாங்க. அதே பாலத்தில் இன்னிக்கும் ரயில் போகுது. நல்லா கட்டினது மழையைத் தாங்கும்ங்கிறதுக்கு நூறு வருஷத்துக்கும் மேலான சாட்சி!

பகல் 12.00: புனலூர் கேள்வி

புனலூரில் கல்லடையாற்றின் மேல ஒரு தொங்கு பாலம் இருக்கு. 1877-ல் கட்டினது. இப்போ நடந்து போறவங்களுக்கு மட்டும்தான். பைக்கை நிறுத்திட்டு அந்தப் பாலத்தில் நடந்து நடுவில் நில்லுங்க. கீழே செம்மண் நிறத்தில் வெள்ளம் ஓடும். இங்கே நின்னுதான் இன்னிக்கு நாளின் முக்கியமான கேள்வியை உங்களை நீங்களே கேட்கணும்.

முன்னாடி போகணுமா? திரும்பணுமா?

இதுவரைக்கும் சுமார் 165 கிலோமீட்டர் வந்திருக்கீங்க. வந்த வழியே திரும்பினா மொத்தம் 330-ல் முடிஞ்சுடும், வெளிச்சத்திலேயே வீடு. முன்னாடி போனா இன்னும் 265 கிலோமீட்டர். நடுவில் திரும்பினாலும் லாபம் இல்லை. புனலூர்தான் கடைசி கேட்.

கும்பலா வந்திருந்தா இந்தக் கேள்வி எழாது. யாராவது ஒருத்தன் 'வா பார்த்துக்கலாம்'னு கத்துவான், எல்லாரும் கிளம்பிடுவீங்க. தனியா வந்திருக்கீங்க. ஒரு பக்கம் ஈகோ. 'முழு வட்டம் போடப் போறேன்'னு குரூப்பில் ஸ்டேட்டஸ் போட்டாச்சு. பாதியில் திரும்பினா திங்கட்கிழமை கேன்டீனில் கலாய்ப்பாங்க. இன்னொரு பக்கம் உங்க உடம்பு. அது கத்தாது. கொட்டாவி விடும், கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

அதனால அங்கே நின்னு யோசிக்காதீங்க. முடிவை முந்தின நாள் ராத்திரியே, காய்ஞ்ச துணியோட, சாப்பிட்ட வயித்தோட எடுத்து வெச்சுடுங்க. நாலு வரி போதும்.

மணி 12-ஐத் தாண்டிட்டா திரும்பு.

உள் துணி நனைஞ்சு மாத்துத் துணி இல்லேன்னா திரும்பு.

கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களுக்கு வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு அலர்ட் கொடுத்திருந்தா திரும்பு. முந்தின நாளே தெரிஞ்சா கிளம்பவே கிளம்பாதே.

காலையில் இருந்து ஒரு தடவையாவது 'அப்பாடா, தப்பிச்சேன்'னு சொல்லியிருந்தா திரும்பு.

நாலில் ஒன்று 'ஆமாம்' ஆனாலும் வண்டியைத் திருப்புங்க. இந்த நாலாவது விதிதான் ரொம்ப முக்கியம். மயிரிழையில் தப்பிச்சதை நாம சாகசக் கதையா சொல்லிப் பழகிட்டோம். உண்மையில் அது உங்க கவனம் தீர்ந்துக்கிட்டு இருக்குன்னு ரோடு அனுப்பின முதல் நோட்டீஸ். ரெண்டாவது நோட்டீஸ் வரும்னு உத்தரவாதம் கிடையாது.

கேன்டீன் கிண்டல் ஒரு வாரம். திரும்பி வந்தவனைத்தான் கிண்டல் பண்ணவும் முடியும்.

பிற்பகல் 2.30: புழுங்குற ரோடு

நாலு விதியிலும் பாஸா? கிளம்புங்க. அஞ்சல், ஆயூர் வழியா எம்.சி. ரோடு. கிளிமானூர், வெஞ்ஞாறமூடு தாண்டி திருவனந்தபுரம். ரப்பர் தோட்டம், வளைவு, ஏற்றம், இறக்கம், ஊர் முடியறதுக்குள்ள அடுத்த ஊர். சுமார் 70 கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். மழை விட்டு வெயில் அடிச்சா ரோட்டில் இருந்து ஆவி எழும். ரெயின்கோட்டுக்குள்ள வேர்வையில் குளிப்பீங்க.

மழை நாளில் யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்க. தப்பு. கோட்டுக்குள்ள போற வேர்வைக்குக் கணக்கே கிடையாது. தலைவலி வந்தா அது ஹெல்மெட்டால இல்லை, தாகத்தால. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அரை பாட்டில் உள்ளே போகணும். சாப்பாடு மட்டும் கம்மியா. கேரளா மட்டை அரிசியையும் மீன் குழம்பையும் ஒரு பிடி பிடிச்சீங்கன்னா மூணு மணிக்குக் கண் சொருகும்.

களியக்காவிளையில் மறுபடி தமிழ்நாடு. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில். கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். 30-க்கு மேல ஓட்ட முடியாது. பொறுமை தீர்றது இங்கேதான். இடுக்கில் புகுந்து முந்தத் தோணும். இங்கே பத்து நிமிஷம் மிச்சம் பண்றதால உங்க வாழ்க்கையில் எதுவும் மாறாது.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு டீ. கடைக்காரர் கேட்பார்: 'தனியாட்டா வந்திய?'

மூணு ஊர், மூணு பாஷை, ஒரே கேள்வி. அதில் ஆச்சரியம் இருக்கும், கொஞ்சம் அக்கறை இருக்கும். உடனே அடுத்த கேள்வியும் வரும். 'சாப்பிட்டாச்சா?', 'அந்தப் பக்கம் மழை உண்டா?', 'பார்த்துப் போங்க, அந்த வளைவுல நேத்து ஒரு வண்டி விழுந்துச்சு'. கும்பலா போனா இந்த வார்த்தை எதுவும் கிடைக்காது. உங்க கும்பலோட சத்தத்தில் அது காதிலேயே விழாது. தனியா போறவன்கிட்டதான் ஊர் பேசும்.

மாலை 5.15: அடிக்கிற வானம்

நாகர்கோவிலில் ஒரு குட்டிச் சோதனை. மணி ஐந்தரை தாண்டிடுச்சா? கண் எரியுதா? கடந்த பத்து கிலோமீட்டர் எப்படி வந்தோம்னே ஞாபகம் இல்லையா? அப்போ ரூம் போடுங்க. ஒரு ராத்திரி வாடகை உங்க கிளட்ச் பிளேட்டை விடப் பெரிய செலவு இல்லை. வீட்டுக்கு போன் பண்ணி 'நாளைக்குக் காலையில் வர்றேன்'னு சொல்லுங்க. திட்டுவாங்க. ஆனா, அன்னிக்கு அவங்க நிம்மதியா தூங்குவாங்க.

தெம்பா இருந்தா ஆரல்வாய்மொழி. ரெண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து வழிவிடும். அந்த வாசலைத் தாண்டினதும் மழை சுவிட்ச் போட்ட மாதிரி நிற்கும். ரோடு காய்ஞ்சிருக்கும். வானம் பெருசாகும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் காற்றாலைகள். இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் இதுவும் ஒன்று. 'அப்பாடா'ன்னு முறுக்குவீங்க. அப்போதான் முதல் அடி விழும்.

பக்கவாட்டுக் காற்று. காவல்கிணறு தாண்டி நாலு வழிச்சாலையில் வடக்கே போறப்போ மேற்குக் காற்று உங்க இடது பக்கம் மோதும். நேரா போகவே வண்டியை இடது பக்கம் லேசா சாய்ச்சு ஓட்ட வேண்டியிருக்கும். இப்போ ஒரு லாரியை முந்துறீங்க. லாரியின் மறைவுக்குள்ள நுழைஞ்சதும் காற்று திடீர்னு நின்னுடும். சாய்ச்சு வெச்சிருந்த வண்டி லாரிப் பக்கம் இழுக்கும். லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று மொத்தமா அடிச்சு உங்களை வலது பக்கம் நடுத்திட்டைப் பார்த்துத் தள்ளும். ஒரே ஓவர்டேக்கில் ரெண்டு அடி!

வழி என்ன? முந்துறப்போ லாரியை விட்டு நல்லா தள்ளிப் போங்க. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீங்க, முட்டிக்காலால் டேங்கை அணைச்சுப் பிடிங்க. கை இறுகினா காற்றின் ஒவ்வொரு அதிர்வும் முன் சக்கரத்துக்குப் போகும். உடம்பைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைங்க. பின்னாடி பெரிய பை கட்டியிருந்தா அதுவும் ஒரு பாய்மரம். உயரமா அடுக்காம தாழ்வா, ரெண்டு பக்கமும் சமமா கட்டுங்க.

வள்ளியூர், நாங்குநேரி. சூரியன் இடது பக்கம் மலைக்குப் பின்னாடி இறங்கும். காலையில் நீங்க நனைஞ்ச மேகம் அந்த மலை மேல இன்னும் உட்கார்ந்திருக்கும், ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில். அதுக்கு அந்தப் பக்கம் போயிட்டு வந்திருக்கீங்க. ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்திப் பாருங்க. போட்டோ எடுக்க மறந்துட்டாலும் பரவாயில்லை.

இரவு 7.30: கடைசி 50

திருநெல்வேலியில் இருந்து தூத்துக்குடி. தெரிஞ்ச ரோடு. காலையில் நெஞ்சில் தள்ளின காற்று இப்போ முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பும். வண்டி தானாவே போற மாதிரி இருக்கும். இருட்டிடுச்சு. ஆடு, மாடு, லைட் இல்லாத டிராக்டர். 'வீடு வந்தாச்சு'ன்னு மனசு முன்னாடியே போய் வீட்டில் உட்கார்ந்துக்கும். உடம்பு மட்டும்தான் ரோட்டில் இருக்கும். இந்த 50 கிலோமீட்டரை இன்னிக்கு முதல் 50 மாதிரி ஓட்டுங்க. நெல்லையில் கடைசி டீ கட்டாயம். கண்ணாடியை நல்லா துடைங்க, மழைச் சேறு காய்ஞ்சு ஹெட்லைட்டை மறைச்சிருக்கும், அதையும் துடைங்க.

பையில் என்ன?

* லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. கியர் வண்டிக்கு 18 வயது கட்டாயம்.

* ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட். பட்டையை மாட்டாத ஹெல்மெட் வெறும் தொப்பி.

* ரெண்டு பீஸ் ரெயின்கோட், பாலித்தீன் கவரில் சுற்றின ஒரு செட் மாத்துத் துணி, ரெண்டு ஜோடி சாக்ஸ், கிளவுஸ்.

* பஞ்சர் கிட், பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்பேர் பிளக், கிளட்ச் கேபிள், செயினுக்கு எண்ணெய். மழையில் ஓடின செயின் வறண்டு போகும், புனலூரில் ஒரு தடவை எண்ணெய் விடுங்க.

* மைலேஜ் 45 தர்ற வண்டிக்கு மொத்தம் சுமார் 10 லிட்டர் பெட்ரோல். டேங்க் பாதியானதும் நிரப்பிடுங்க. மலைக்குள்ள பங்க் தேடாதீங்க.

* வீட்டு நம்பர், ரத்த வகை எழுதின அட்டை சட்டைப் பையில். போன் லாக் ஆகியிருந்தாலும் அட்டை பேசும். ஆபத்துன்னா 108 அல்லது 112.

வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போடுறப்போ கால் லேசா நடுங்கும். காதுக்குள்ள காற்று இன்னும் ஓடிக்கிட்டே இருக்கும். அம்மா தட்டை எடுத்து வைப்பாங்க. அப்பா பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமலே, 'வண்டி எப்படி ஓடுச்சு?'ன்னு கேட்பார். அவர் கேட்டது வண்டியைப் பற்றி இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

'நல்லா ஓடுச்சுப்பா'ன்னு சொல்லிட்டு, சாப்பிட உட்காருங்க. முழு வட்டம் போட்டுட்டு வந்தாலும் சரி, புனலூரில் திரும்பி வந்தாலும் சரி... சோறு சூடாத்தான் இருக்கும்!